வீட்டுப் பூனை வயலுக்குப் போகலாமா?

தை மாதம் நெல் வீடு வந்து சேர்ந்ததும் எலியும் கூடவே வந்து சேரும். பத்தாயமோ, குதிரோ, சாக்கு மூட்டையோ, எலிக்கு எல்லாம் ஒன்றுதான். இதற்காகவே கிராமத்து விவசாயக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பூனையாவது இருக்கும். மாட்டுக்குப் புல்லும் தவிடும் கணக்குப் பார்த்து வைக்கிறோம். நாய்க்கும் ஒரு பிடி சோறு விழுகிறது. பூனைக்கு மட்டும் யாரும் கணக்காக எதுவும் வைப்பதில்லை. "அது எலி பிடித்துத் தின்றுகொள்ளும்" என்று கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு விடுகிறோம். பகலில் அடுப்படியில் சுருண்டு கிடக்கும். பொழுது சாய்ந்தால் வெளியே போய்விடும். எங்கே போகிறது, எவ்வளவு தூரம் போகிறது என்று கவனிப்பவர்கள் மிகக் குறைவு.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மூன்று பூனைகள் இருந்தன. சம்பாப் பயிர் பொதி கட்டும் சமயம். எலி வெட்டு அதிகமாயிருந்தது. வீட்டுக்காரர் கடையில் விஷ வில்லைகளை வாங்கி வந்து வரப்பு ஓரமெல்லாம் போட்டார். ஐந்தாறு நாள் கழித்துத் தாய்ப்பூனை வைக்கோல் போருக்கு அடியில் ஈறு வெளுத்துப் போய்ப் படுத்திருந்தது; மூக்கில் இரத்தம். அன்று மாலையே செத்தது. அந்த வாரத்திற்குள் மற்ற இரண்டும் போயின. அந்த வீட்டு அம்மாள், யாரோ வேண்டுமென்றே விஷம் வைத்துவிட்டார்கள் என்று தெருவைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் அப்போது வாயைத் திறக்கவில்லை. பிறகு என்னிடம் சொன்னார்: "நான் வைத்ததுதான் சார். எலியைத் தின்றால் பூனையும் சாகும் என்று யாருக்குத் தெரியும்?" தையில் நெல் வந்தபோது அந்த வீட்டில் பூனை இல்லை. அடுக்கி வைத்திருந்த விதை நெல் மூட்டைகளில் அடி வரிசை முழுவதும் எலி கடித்து, நெல்லும் உமியும் ஒன்றாய்க் கலந்து கிடந்தன.

பூனைக்கு எது வேலை, எது வேலையில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் இப்படிப்பட்ட இரட்டை நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

50 கஜக் காவல்

பூனையை வயலுக்குள் விட்டால் வயல் எலி ஒழிந்துவிடும் என்று நினைப்பது தவறு. நம் வயல்களில் அதிகச் சேதம் செய்யும் கரம்பை எலி பருத்த உடம்பும் முரட்டுக் குணமும் உள்ளது. வரப்புக்குள் பல வாயில்கள் வைத்து ஆழமாக வளை தோண்டிக் கதிர்களை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்து வைக்கும். பூனையால் அந்த வளையைத் தோண்ட முடியாது. வெளியே எதிர்ப்பட்டாலும் முழு வளர்ச்சி அடைந்த கரம்பை எலியோடு சண்டைக்கு நிற்கச் சாதாரண வீட்டுப் பூனை தயங்கும். சுண்டெலி, வீட்டு எலி, பெரிய எலிகளின் குஞ்சுகள் ஆகியவையே அதற்கு ஏற்ற இரை. பெருச்சாளியைக் கண்டு ஒதுங்கிப் போகும் பூனையைப் பலர் பார்த்திருப்பார்கள். அது கோழைத்தனம் அல்ல. தன் உடம்பைக் காத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

நியூயார்க் நகரில் ஒரு கழிவுப் பொருள் கிடங்கில் எலிகளும் தெருப் பூனைகளும் சேர்ந்து வாழ்ந்தன. அவற்றைக் காமிராக்கள் வைத்து 79 நாட்கள் கவனித்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியாயிற்று. அத்தனை நாளில் பூனைகள் எலியைப் பதுங்கிப் பின்தொடர்ந்தது 20 தடவை. கொன்றது 2 எலிகளை மட்டுமே. பூனை நடமாடும் நாட்களில் எலிகள் வெளியே தலைகாட்டுவது குறைந்தது, எலிகள் ஒழியவில்லை.

அப்படியானால் பூனையால் பயனே இல்லையா? உண்டு. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் எல்டன் என்ற பிராணியியல் அறிஞர், பண்ணைகளில் பூனைகள் எந்த அளவு எலியைத் தடுக்கின்றன என்று ஆராய்ந்து 1953-ல் வெளியிட்டார். எலி ஏற்கனவே மண்டிவிட்ட பண்ணையில் பூனைகளால் அதை ஒழிக்க முடியவில்லை. ஆனால் முதலில் எலிகளை வேறு வழியில் ஒழித்துவிட்டு, பிறகு பூனைகளை வைத்திருந்த பண்ணைக் கட்டிடங்களில் எலிகள் மறுபடி குடியேற முடியவில்லை. இந்தக் காவல் கட்டிடத்தைச் சுற்றி ஏறத்தாழ 50 கஜ தூரம் வரையில்தான் பலித்தது. அதைவிட முக்கியமான விஷயம், அந்தப் பூனைகளுக்குத் தினமும் பண்ணையிலேயே பால் ஊற்றி வந்தார்கள். ஆகாரம் கிடைக்கும் இடத்தை விட்டுப் பூனை அதிகம் விலகுவதில்லை.

"சோறு போட்டால் பூனை எலி பிடிக்காது" என்று நம் ஊர்களில் சொல்வதற்கு இது நேர் எதிரானது. பட்டினி போட்ட பூனை கண்காணாத தூரம் திரியும். வயிறு நிறைந்த பூனை வீட்டைச் சுற்றியே வேட்டையாடும். வேட்டை என்பது பூனைக்குப் பசியால் மட்டும் வருவதல்ல. வயிறார உண்ட பூனையும் சுண்டெலியைக் கண்டால் பாயத்தான் செய்யும்.

ஆகவே பூனைக்கு உரிய இடம் நெல் இருக்கும் இடம், தவிட்டு மூட்டை இருக்கும் இடம், மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர். வயல் எலிக்குக் கிட்டி, கோடையில் ஊர் சேர்ந்து வளை தோண்டிப் பிடித்தல், ஆந்தை உட்காரும் குச்சிகள், தேவைப்பட்டால் விஷம் என்று வேறு முறைகள் இருக்கின்றன. தஞ்சாவூர்க் கிட்டி வைக்கத் தெரிந்தவர்கள் டெல்டா கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். வளை பார்த்து எலி தோண்டுவதில் இருளர் மக்களுக்கு இணை யாரும் இல்லை.

விஷம் வைக்கும் வாரம்

கிராமத்தில் திரியும் பூனைக்கு வரும் ஆபத்துகளில் முதலிடம் எலி விஷத்திற்குத்தான் தரவேண்டும். நாம் சாதாரணமாக உபயோகிப்பவை இரண்டு வகை.

புரோமாடியோலோன் என்ற மருந்து இரத்தம் உறையவிடாமல் செய்து கொல்வது. இதைத் தின்ற எலி உடனே சாகாது. சாக மூன்று நாள் முதல் ஒரு வாரத்திற்கு மேலும் ஆகலாம். அதுவரை தளர்ந்து, பட்டப்பகலில் தடுமாறிக்கொண்டு வெளியே நடமாடும். பூனைக்கு அதைவிடச் சுலபமான இரை ஏது? விஷம் எலியின் ஈரலில் தங்கியிருப்பதால் அப்படி நாலைந்து எலிகளைத் தின்ற பூனையின் உடம்பிலும் அது சேர்ந்துவிடுகிறது. மேலே சொன்ன வீட்டில் நடந்ததும் இதுதான். ஆந்தைக்கும் கீரிக்கும்கூட இதே கதிதான்.

சிங்க் பாஸ்பைடு என்ற கருந்தூள், வயிற்றிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து விஷ வாயுவாக மாறிச் சில மணி நேரத்தில் எலியைக் கொன்றுவிடும். இது எலியின் சதையில் அதிகம் தங்குவதில்லை. ஆனால் செரிக்காமல் குடலில் கிடக்கும் மருந்து, எலியை முழுதாகத் தின்னும் பூனையையும் நாயையும் கொல்லும். இதில் விவசாயிகள் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரு பங்கு மருந்துக்கு 49 பங்கு இரைப்பொருள் சேர்க்க வேண்டும் என்பது சிபாரிசு. இரைப்பொருளாகப் பொரி, அரிசி, கருவாடு ஆகிய மூன்றும் சொல்லப்படுகின்றன. கருவாட்டில் கலந்து வைத்தால் எலிக்கு முன்பாக அதைத் தேடி வருவது யார் என்று சொல்லவேண்டியதில்லை. ஊரில் பூனை உள்ளவர்கள் இருந்தால் பொரியையோ அரிசியையோதான் உபயோகிக்க வேண்டும்.

மருந்தை வரப்பில் தூவுவது வீண் செலவு, ஆபத்தும்கூட. முதல் நாள் மாலை எல்லா வளைகளையும் மண்ணால் மூடிவிட்டு, மறுநாள் திறந்திருக்கும் வளைகளைப் பார்த்தால் எவற்றில் எலி குடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த வளைகளுக்குள் மட்டும் சுமார் 10 கிராம் மருந்திரையைக் காகிதப் பொட்டலமாகச் சுருட்டி ஒரு சாண் உள்ளே தள்ளிவிட வேண்டும். மறுநாள் காலையிலிருந்து செத்த எலிகளைத் தேடி எடுத்து ஆழமாகப் புதைக்க வேண்டும். புதைப்பதை மட்டும் பெரும்பாலோர் "அதற்கெல்லாம் ஆள் ஏது" என்று விட்டுவிடுகிறார்கள். வெளியே சாகும் ஒவ்வொரு எலியும் ஒரு பூனையின் சோறு என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

விஷம் வைக்கும் அன்றிலிருந்து, சிங்க் பாஸ்பைடானால் மூன்று நான்கு நாட்களுக்கும், புரோமாடியோலோன் ஆனால் இரண்டு வாரத்திற்குக் குறையாமலும் பூனையை வீட்டுக்குள் அடைத்து வைத்துத் தீனி போடுங்கள். அண்டை வயல்காரரிடமும் அவர் வைக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பூனை சோர்ந்து, ஈறு வெளுத்து, மலத்திலோ மூக்கிலோ இரத்தம் கண்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். எந்த மருந்து வைத்தோம் என்று அதன் உறையையும் காட்டுங்கள். புரோமாடியோலோனுக்கு வைட்டமின் கே-1 மாற்று மருந்தாக இருக்கிறது. அதைச் சில வாரங்கள் தொடர்ந்து கொடுக்கவேண்டியிருக்கும். நேரத்தோடு போனால் பிழைக்க வழியுண்டு. சிங்க் பாஸ்பைடுக்கு மாற்று மருந்து கிடையாது. அதைத் தின்ற பூனைக்குப் பாலும் மோரும் புகட்டுவது நம்மவர் வழக்கம். இது கூடாது. வயிற்றில் ஆகாரம் சேர்ந்தால் அமிலம் அதிகமாகச் சுரந்து விஷ வாயுவும் அதிகமாகும். வாந்தி எடுத்தால் அதன் நெடியை நாமும் முகரக்கூடாது. காற்றோட்டமான இடத்தில் வைத்துக் கொண்டுபோங்கள்.

மாட்டுக்கு உண்ணி மருந்து தெளிக்கும்போதும் எச்சரிக்கை தேவை. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்றவற்றை மாடு தாங்கும், பூனை தாங்காது. ஈரம் காயாத மாட்டின் மேல் உரசிவிட்டுப் பூனை தன் உடம்பை நக்கினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். மாட்டுக்கு வாங்கிய மருந்தில் மிச்சத்தைப் பூனைக்குத் தடவிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்! அதைவிட உண்ணியே மேல்.

சாலையும் கண்ணியும்

பூனை குறுக்கே போனால் சகுனத்தடை என்று நாம் நிற்கிறோம், லாரி நிற்பதில்லை. தார்ச்சாலை ஓரத்து வீடுகளில் இரவில் திரியும் பூனைகள் நெடுநாள் தங்குவதில்லை என்பதை அந்த வீட்டுக்காரர்களே சொல்வார்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, தெருநாய்க் கூட்டம், காட்டுப் பன்றிக்கும் முயலுக்கும் வைக்கும் சுருக்குக் கம்பி, திருட்டு மின்வேலி எல்லாமே இரவில்தான் பூனையைக் காவு வாங்குகின்றன. கண்ணி வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வயல்வெளியில் திரியும் பூனை எலியை மட்டும் பிடிப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஓணான், தவளை, தரையில் கூடு கட்டும் காடை, வானம்பாடி, கூட்டிலிருந்து விழுந்த குருவிக் குஞ்சு எல்லாம் அதற்கு ஒன்றுதான். அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகள் வரை கொல்வதாக 2013-ல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. இதில் பெரும் பங்கு வீடில்லாமல் திரியும் பூனைகளுடையது. நம் வயல்களில் தவளையும் குருவியும் பூச்சியைத் தின்று உதவுபவை. அவற்றை இழந்தால் நஷ்டம் நமக்கே. காட்டுப்பூனை நம் கரும்புக் கொல்லைகளிலும் நாணல் புதர்களிலும் இருந்துகொண்டு எலிகளையே முக்கிய உணவாகக் கொள்ளும் பிராணி. ஊர்ப் பூனை அங்கே போய்த் திரிந்தால் இரண்டும் கலந்து குட்டி போடுவதும் உண்டு. வியாதிகளும் அதற்குத் தொற்றும்.

கோழிக் குஞ்சு விஷயத்தில் பூனையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. குஞ்சு பொரித்த முதல் ஒரு மாதம் பஞ்சாரத்தில் அடைத்து வையுங்கள். தாய்க்கோழியின் காவலில் கொத்துப்பட்ட பூனை பிறகு அந்தப் பக்கம் போக யோசிக்கும்.

ஆடு வளர்ப்பவர்கள் கவனிக்க

பூனையின் மலத்தில் வரும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, தீவனத்தில் கலந்தால் சினை ஆடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும். முதல் தடவை இந்த ஒட்டுண்ணி தொற்றிய பூனை, பெரும்பாலும் இளம் பூனை, இரண்டொரு வாரம் அதை வெளியேற்றுகிறது. வெளியே வந்த ஒன்று முதல் ஐந்து நாட்களில்தான் அது தொற்றும் நிலையை அடைகிறது. ஆகவே மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைத்துவிட்டால் ஆபத்து மிகவும் குறையும். தவிட்டுத் தொட்டியையும் அடர்தீவன மூட்டையையும் மூடி வைக்கவேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் இதை அள்ளக் கூடாது.

வெறிநோய் நாயால் மட்டும் வருவதல்ல. வெளியே திரியும் பூனைக்கு மூன்று மாத வயதில் தடுப்பூசி போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில் ஆண்டுதோறும் போட்டுவர வேண்டும். பூனை கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். "பூனை தானே" என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருப்பது உயிருக்கு ஆபத்து.

சாக்கில் கட்டும் குட்டிகள்

பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே பருவத்திற்கு வந்துவிடும். சினைக்காலம் 63 முதல் 65 நாட்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று, ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டிகள். அத்தனையையும் வைத்துக் காப்பாற்ற யாராலும் முடியாது. முடிவில் குட்டிகளைச் சாக்கில் போட்டுக் கட்டிச் சந்தைத் தோப்பிலோ, ஆற்றுக்கு அக்கரையிலோ, மீன் கடைப் பக்கத்திலோ விட்டுவிட்டு வருகிறார்கள். "எப்படியாவது பிழைத்துக்கொள்ளும்" என்று மனத்தைச் சமாதானப்படுத்திக் கொள்வதுதான். வேட்டை பழகாத குட்டி பிழைப்பதில்லை. தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு அடுத்த ஊர்க் கோழிகளுக்குச் சத்துருவாகும். பட்டினியால் வாடும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றமும் ஆகும்.

இதற்குச் சரியான வழி கருத்தடை அறுவைச் சிகிச்சை. ஆறு மாதத்திற்குள், முதல் பருவத்திற்கு முன்பே செய்துவிடுவது நல்லது. கருத்தடை செய்தால் பூனை எலி பிடிக்காது என்பது வீண் பயம். கடுவன் பூனைக்குக் காயடித்தால் இரவெல்லாம் ஊர் சுற்றிச் சண்டையிட்டுக் காது கிழிந்து வருவது குறையும், வீட்டோடு தங்கும். ஓரத்தநாடு, நாமக்கல், திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், மாவட்டங்களிலுள்ள கால்நடைப் பன்முக மருத்துவமனைகளிலும் முன்கூட்டி விசாரித்துக் கொண்டுபோகலாம்.

இரவுக் காவலுக்குப் பழக்குவது

எலி நடமாடுவது இரவில். பூனைக்கு ஆபத்தும் இரவில். ஆகவே இருட்டியதும் பூனையை நெல் இருக்கும் அறையிலேயே விட்டுக் கதவைச் சாத்திவிடுவது இரண்டுக்கும் நல்லது. மூட்டைகளைச் சுவரோடு ஒட்டி அடுக்காமல், கட்டைகளின் மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி விட்டு அடுக்கினால் பூனை சுற்றிவர வழி இருக்கும். எலிக்கு ஒளிய இடம் குறையும், நெல்லுக்கும் காற்றோட்டம். மூலையில் ஒரு தட்டில் மணல் வைத்தால் அதில்தான் அசுத்தம் செய்யும், காலையில் அள்ளிவிடலாம். தண்ணீர் ஒரு சட்டியில் அவசியம் வேண்டும்.

பொழுது சாயும் நேரத்தில் தினமும் அதே இடத்தில் தீனி வையுங்கள். தயிர்சோறும் பாலும் மட்டும் போதாது. மீன் தலை, கோழிக் கழிவு, முட்டை என்று கவிச்சி ஏதாவது சேர வேண்டும். அது இல்லாமல் வளரும் பூனைக்கு நாளடைவில் கண் பார்வையும் இருதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் கழிச்சலும் ஆகும். இங்கிலாந்தில் 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், இறைச்சி மிகுந்த ஆகாரம் கொடுத்த வீட்டுப் பூனைகள் வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டிய பூனைகளிடமும் 25 சதவீதம் குறைந்தது. கழுத்தில் மணி கட்டியதால் அதில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

புதிதாகக் குட்டி வாங்குகிறவர்கள், எலி பிடிக்கும் தாய்ப்பூனையின் குட்டியாகப் பார்த்து, இரண்டு மாதம் தாயோடு இருந்த பிறகு எடுக்கவேண்டும். தாய் பிடித்து வரும் எலியைப் பார்த்துத்தான் குட்டி தொழில் கற்கிறது. கொண்டுவந்ததும் வெளியே விட்டால் பழைய வீட்டைத் தேடி ஓடிவிடும். மூன்று வாரமாவது வீட்டுக்குள் வைத்திருந்து, முதன்முதலாக வெளியே விடும் நாளில் காலைத் தீனி போடாமல் விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தட்டைத் தட்டிக் கூப்பிட்டால் ஓடி வரும். தட்டுச் சத்தத்துக்கு வரப் பழகிய பூனையை விஷம் வைக்கும் வாரத்தில் அடைப்பதும் சுலபம்.